பெயர் வாங்கிய கட்டெறும்பு

ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் சுவர் விரிசலில் எறும்புகள் குடியிருந்தன. அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவையும் ஆராய்ச்சியில் இறங்கின. சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதுதான் தலைப்பு.

"மூணாவது தட்டுல இருக்கிற வெள்ளைத் தூள் சர்க்கரைதான்" என்று கட்டெறும்பு அறிவித்தது. தின்னப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அன்று முதல் யார் வெளியே கிளம்பினாலும், "கட்டெறும்பார் சொன்ன தூள் பக்கம் மட்டும் போயிடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நிஜச் சர்க்கரையைக் கண்டுபிடித்தது பிள்ளையார் எறும்பு. அது தராசுக்கு அடியில் சிந்திக் கிடந்தது. மறுநாளே எல்லாரும் அங்கே சாரை சாரையாகப் போனார்கள். வழி தெரிந்துவிட்டதால், அதைக் காட்டியது யாரென்று ஒருவரும் பேசவில்லை.

ஆண்டு விழாவில், அதிகம் பேர் வாயில் வந்த பெயருக்கு ராணி பரிசு கொடுத்தாள். கட்டெறும்புக்குத்தான் கிடைத்தது.

பிள்ளையார் எறும்பு மெதுவாகக் கேட்டது: "அம்மா, அவர் சொன்னது தப்புன்னு சொல்லத்தானே எல்லாரும் அவர் பேரைச் சொன்னாங்க?"

"ஏன் சொன்னாங்கன்னு நான் பார்க்கிறதில்ல. எத்தனை பேர் சொன்னாங்கன்னுதான் பார்ப்பேன்" என்றாள் ராணி.

பரிசு, தராசடியிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய சர்க்கரைக் கட்டி. கட்டெறும்பு அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது.

மறுநாள் காலை பிள்ளையார் எறும்பு எல்லாரையும் கூப்பிட்டது.

"நாலாவது தட்டுல புதுசா சர்க்கரை வந்திருக்கு" என்றது.

அது எறும்புப் பொடி என்று அதற்கு நன்றாகத் தெரியும்.