சிவப்புக் கோட்டில் பாஷா பாய்

“சார், பாஷா பாய் மூணு நாள் பொய் சொல்றாரு.”

மேனேஜர் ஞானமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இன்னாம்மா சொல்ற?”

“சோல் செக்‌ஷனுக்குப் பதினோரு நாள் ஆவும்னு எழுதித் தர்றாரு. போன ஆர்டர்ல கூடவே நின்னு பார்த்தேன். எட்டாம் நாளே அத்தனை சோலும் ரெடி. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிட்டு, மூணு நாளா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கினு இருக்காரு.”

ரெனிட்டா லேசுப்பட்டவள் இல்லை. காட்பாடியில் நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பிளானிங் வேலைக்கு வந்தவள். கூடத்துச் சுவரில் இருக்கும் வெள்ளைப் போர்டில், ஒவ்வொரு ஆர்டருக்கும் வட்டமும் அம்புமாகப் படம் போடுவது அவள் வேலை.

படம் சுலபம்தான். ஒரு பக்கம் தோல் வெட்ட மூன்று நாள், மேல்பாகம் தைக்க ஏழு நாள், ஆக மொத்தம் பத்து. இன்னொரு பக்கம் அடிப்பாகமான சோல், பதினோரு நாள். இரண்டும் வந்து சேர்ந்தால்தான் ஷூ. எந்தப் பக்கம் நாள் ஜாஸ்தியோ, அந்தப் பக்கம் சிவப்புக் கோடு. அங்கே ஒரு நாள் தாமதமானால் ஷூவை ஏற்றிப் போகும் கன்டெய்னரும் ஒரு நாள் தாமதம். அதனால் சிவப்புக் கோட்டில் வேலை செய்பவர்களுக்கு லீவு கிடையாது. சென்னை ஹெட் ஆபீஸ் போட்ட ரூல் அது.

ரெனிட்டாவின் ஆறு மாத புரொபேஷன் இந்த வாரத்தோடு முடிகிறது. ஆர்டரில் ஒரு நாளாவது குறைத்துக் காட்டினால்தான் வேலை நிலைக்கும். விடுவாளா?

பாயைக் கூப்பிட்டார்கள்.

“இன்னா பாய், எட்டு நாள் வேலையாமே?” என்றார் ஞானமுத்து.

“வயசாவுதுல்ல சார். கை ஓட மாட்டேங்குது.”

“நல்லாத்தான் ஓடுது. நான் பார்த்தேன்” என்றாள் ரெனிட்டா. “இனிமே உங்களுக்கு எட்டு நாள்தான் பாய். சிவப்புக் கோட்டைத் தையல் பக்கம் மாத்தப் போறேன்.”

பாய் தாடியைச் சொறிந்தார். “சிவப்பு எனக்கு நல்லாத்தான இருக்குது மேடம். என் பக்கமே இருக்கட்டுமே.”

கிண்டல் வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய்க் கோட்டை மாற்றினாள். ஆர்டர் பத்து நாளுக்கு இறங்கியது. முழுசாக ஒரு நாள் மிச்சம்.

மறுநாள் காலையில் தையல் செக்‌ஷன் அமிர்தவள்ளி போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முன்பக்கத் தையலுக்கு அவளை விட்டால் அந்தக் கம்பெனியில் வேறு ஆள் இல்லை.

“மேடம், அப்போ வியாழக்கிழமை எனக்கு லீவு இல்லையா?”

“ஏன்க்கா, இன்னா விசேஷம்?”

“விசேஷம்லாம் இல்ல. வேலூர் ஆஸ்பத்திரியில பொண்ணுக்கு ரத்தம் ஏத்தணும். மாசத்துக்கு ஒருவாட்டி. பரவால்ல மேடம், அவங்க அப்பாவை அனுப்பறேன். ஆனா ஊசி குத்தறப்போ நான் கையைப் புடிச்சினு இருக்கணும். இல்லன்னா நர்ஸைக் கடிச்சிடுவா.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரெனிட்டாவால் சிரிக்க முடியவில்லை.

“இத்தனை மாசம் எப்படிப் போனீங்க?”

“இத்தனை மாசம் சிவப்புக் கோடு பாய் பக்கம்தான இருந்தது. எங்க பக்கம் ஒரு நாள் சும்மா கிடந்தது.”

மிச்சம் பிடித்த ஒரு நாள் யாருடையது என்று ரெனிட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

லீவு ரிஜிஸ்தரை எடுத்துப் புரட்டினாள். சோல் செக்‌ஷனில் மொத்தமே மூன்று பேர்தான், பாயும் அவருடைய தோஸ்துகள் இரண்டு பேரும். இரண்டு வருஷமாக மூன்று பேரும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பாய் பெயரில் மட்டும் ஒரு வரி இருந்தது. ‘வாணியம்பாடியில் தங்கச்சி மகள் நிக்காஹ், அரை நாள் பர்மிஷன்.’

ரிஜிஸ்தரும் கையுமாகச் சோல் செக்‌ஷனுக்கு ஓடினாள்.

“ஏன் பாய், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

பாய் நிமிரவே இல்லை. “சொன்னா நீங்க எழுதணும் மேடம். எழுதினா சென்னையில படிப்பாங்க. உங்களுக்கும் பேஜாரு.”

ரெனிட்டாவுக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது. போர்டுக்குப் போய் எட்டை அழித்துப் பதினொன்று என்று எழுதினாள். சிவப்புக் கோட்டைப் பழைய இடத்துக்கே இழுத்தாள். வேலை போனால் போகட்டும் என்று மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், என் கணக்கு தப்பு. சோலுக்குப் பதினோரு நாள்தான். ஒரு நாள்கூடக் கம்மி பண்ண முடியாது.”

“நல்லாப் பார்த்தியா?”

“கூடவே நின்னு பார்த்தேன் சார்.”

ஞானமுத்து டிராயரைத் திறந்து, அவள் போட்டுக்கொடுத்த எட்டு நாள் சார்ட்டை எடுத்தார். சென்னைக்கு அனுப்பாமல் அப்படியே வைத்திருந்தார். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அவளுடைய வேலை நிரந்தர லெட்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“நாளைக்கு வர்றப்போ பஜார்ல ஒரு புது தார்ப்பாய் வாங்கினு வாம்மா. பாய்க்கு நான் வாங்கிக் கொடுத்தது கிழிஞ்சிபோச்சு.”