இடது ஓரத்து ஜன்னல்

ஒரு கம்ப்யூட்டர் அறையில் காவல்காரன் என்றொரு மென்பொருள் இருந்தது. எந்தச் சிப் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்த்து, குறைவாகக் குடிப்பதன் தலையில் வேலையை ஏற்றுவது அதன் பொறுப்பு. அங்கிருந்த பழைய சிப்புக்கு இடது ஓரத்தில் ஒரு ஜன்னல். அதில் எட்டிப் பார்த்தால் அளவு தெரியும்.

பிறகு, வேறு மாதிரி அமைப்பில் செய்த புதுச் சிப் ஒன்று வந்தது. அதற்கு ஜன்னல் வலது ஓரத்தில். காவல்காரன் வழக்கம்போல இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. வெறும் சுவர்தான் தெரிந்தது.

"பூஜ்யம். ஒரு சொட்டுகூடக் குடிக்கலையே! சும்மாதானே இருக்கே, இந்தா, இதையும் செய்."

"அண்ணே, உடம்பெல்லாம் சுடுது. இந்தப் பக்கம் வந்து பாருங்க."

"நல்லா கதை விடுறே. நான் பார்க்கிற இடத்தில ஒண்ணுமே இல்லையே."

பக்கத்திலிருந்த மின்விசிறிக்கு மனசு கேட்கவில்லை. "சாமி, இந்தப் பிள்ளையைக் காப்பாத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே மூச்சிரைக்கச் சுற்றியது. "தம்பி, என் இறக்கையே கொதிக்குது. ஒரே ஒரு தடவை சுத்தி வந்து பாரேன்."

"எல்லாருக்கும் ஜன்னல் இடது பக்கந்தான்க்கா. எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று காவல்காரன் இன்னொரு மூட்டை வேலையை ஏற்றியது.

புதுச் சிப் அதற்கப்புறம் பேசவில்லை. கருகிய வாடை வந்தது. மின்விசிறி மட்டும் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருந்தது.

காவல்காரன் மறுபடியும் இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

"பூஜ்யம்" என்றது. அந்த ஒரு தடவை அது சொன்னது உண்மைதான்.

"இன்னும் சும்மாதானே இருக்கே" என்று அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது.