டாக்டர் சொல்லச் சொல்ல

"சொந்தக்காரன்னு பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுவேன்னு நினைக்காத மாப்ளே" என்றபடி டாக்டர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

துறைமுகத்து மருத்துவ அறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டர். எதிரே ஸ்டூலில், அவருடைய மனைவியின் தம்பி. முப்பது மீட்டர் உயரத்தில் அமர்ந்து கிரேன் ஓட்டுபவர். சுவரோரப் பெஞ்சில் மேலாளர். ஜன்னலருகே, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண்.

கிரேன்காரர் நாளை மேலே ஏறலாமா, கூடாதா? அதை ஒரு கடிதம் முடிவு செய்யும். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார் டாக்டர். ஆளைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டார். கிரேன்காரர் தயங்கி, நண்பர்கள் கூடினால் மட்டும்தானே, அதுகூடவா தப்பு என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தனியாக் குடிச்சதா, பத்துப் பேரோட சிரிச்சிக்கிட்டுக் குடிச்சதான்னு மூளைக்குத் தெரியாது மாப்ளே. அது பாட்டுக்குச் சுருங்கும். முதல்ல காலையில நடந்தது மறக்கும். அப்புறம் மறந்துபோன இடத்துல மனசே ஒரு கதையைக் கட்டி அடைச்சிடும். சொல்றவனுக்கே அது பொய்னு தெரியாது."

போன சனிக்கிழமை விருந்தில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் நாலு கிளாஸ் காலி செய்ததையும் நினைவூட்டினார். கிரேன்காரர் தலையாட்டினார். மேலாளர் தரையைப் பார்த்தார்.

அடுத்து சோதனை. டாக்டர் மூன்று சொற்களைச் சொன்னார். ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டார்.

"சாவி, குடை, வாளி."

"வாளியா? நான் சொன்னது விளக்கு."

கிரேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆமா அத்தான். விளக்குதான்."

நோட்டுப் புத்தகத்தில் பேனா விரைந்து ஓடியது.

"எழுதிக்கோம்மா" என்று டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுவால் நினைவாற்றல் குன்றியிருக்கிறது. இன்று முதலே பணியிலிருந்து விலக்க வேண்டும். தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்த்து வைட்டமின் பி1 ஊசியைத் தொடங்க வேண்டும். இனி ஒரு சொட்டும் தொடக்கூடாது. கமா, முற்றுப்புள்ளி உட்படத் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

கிரேன்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரியாகிடுமா அத்தான்?"

"அடியோட நிறுத்தினா நிறைய மீண்டு வரும். நான் சொல்றேன்ல? தைரியமா இரு." தோளில் தட்டிவிட்டு, டாக்டர் கை கழுவ எழுந்து போனார்.

நான்கு வருடமாக மதுவைத் தொடாத கிரேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையிலிருந்து மூன்று முறை டாக்டரிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்த அந்த ஜன்னலோர மூளை நரம்பு மருத்துவர், டாக்டர் சொன்னதில் ஒரு வரியையும் மாற்றாமல், நோயாளியின் பெயருக்கான இடத்தில் மட்டும் டாக்டரின் பெயரை எழுதி, உறையை ஒட்டி, மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பினார்.