அலமாரிக்குள் எரியும் பல்பு

ஸாக்ரெப் நகரம் முழுக்க அலைந்தும் தன் ஊர் உப்புக்கண்டமான பில்டாங் கிடைக்காததால், கேப்டவுன்காரி லிசெல் துணி அலமாரிக்குள்ளேயே உப்புக்கண்டம் போட்டிருக்கிறாள். வேலையாக வெளியூர் போயிருக்கும் கணவனின் கோட்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சி நீள நீளமாகக் கொக்கிகளில் பாதி உலர்ந்து கருத்துத் தொங்குகிறது. அதை உலர்த்த ஒரு குண்டு பல்பும் குட்டி விசிறியும். இப்போது வீட்டுக்கார அம்மா துப்ராவ்கா அந்த அலமாரி முன்னால் நிற்கிறாள். இந்த வாடைக்காகத்தான் லிசெலைப் போன வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். வினிகரும் கொத்தமல்லியும் கலந்த நெடி அறையில் மிதக்க, கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கசிகிறது. "ஏம்மா, அலமாரிக்குள்ள எதுக்கு லைட்டு?" "பழைய துணிதாம்மா… ஈரம்…" என்று லிசெல் இழுக்கிறாள். துப்ராவ்கா கதவைத் திறந்துவிடுகிறாள். விசிறிக் காற்றில் இறைச்சி மெல்ல ஆடுகிறது. சிவப்பாக ஒரு துளி கோட்டின் மேல் சொட்டுகிறது. துப்ராவ்கா பின்வாங்கி, கண்ணை எடுக்காமலே வாசற்கதவின் பிடியைத் துழாவுகிறாள். "உன் புருஷன நாலு நாளா காணோமே… அவரு எங்கம்மா?"