த்ரீடி கண்ணாடி

“பொம்மைப் படத்துக்குப் போய் இப்படியா அழுவாங்க? மானம் போவுது, வடிவு...”

“நான் அழுதா உங்களுக்கென்ன? மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க, அதத் திருப்பி வாங்க தியேட்டர்காரரு கூடையோட நிக்கிறாரு பாருங்க.”

“பாட்டு முடியட்டும்.”

கதையில் கிழட்டுக் கரடி ஆற்றைத் தாண்டிப் போய், கோபித்துக்கொண்டு போன மகளின் குகை வாசலில் ஒரு மீனை வைத்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பியிருந்தது. தியேட்டரில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். திரையில் பெயர்கள் ஓட, பாட்டு மட்டும் நிற்கவில்லை.

“பெரியவரே, கண்ணாடி வீட்டுக்குக் கெடையாது” என்று சிரித்தார் தியேட்டர்காரர்.

சண்முகவடிவு சிரிக்கவில்லை. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் மதிவதனியின் பேரையே வீட்டில் எடுக்கவிடாத மனிதர் இவர். இவருக்குத் தெரியாமல் வடிவு மகளோடு போனில் பேசும்போதெல்லாம் பேத்தி பாடிக்காட்டுவது இதே பாட்டுதான். அதற்காகவே, ஒன்றும் சொல்லாமல் கூட்டி வந்திருந்தாள்.

கை நீட்டி அவர் கண்ணாடியைத் தானே கழற்றினாள். உள்பக்கம் நனைந்திருந்தது. முந்தானையில் துடைத்துக் கூடையில் போட்டாள்.

பாட்டு நின்றது. அவர் வெறும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“மதிவதனி புள்ளைக்கு இந்தப் பாட்டு பிடிக்குமாடி?”