எட்டு மாசத்துப் பொய்

"ஏம்மா, ஃபேன் வச்ச ஒரு தகடு. இதுக்கு இந்த விலையா? இந்தக் காசுல நான் லாரிக்கே டயர் போட்டுடுவேன்!"

டயர் கடைக்காரர் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடத் தேவையான அந்த கிராபிக்ஸ் கார்டை, ஒட்டுப்போட்ட டயரைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது செகண்ட் ஹேண்ட் விலை. புதுசு விலையைக் கேட்டா மயக்கம் போட்டு விழுவீங்க" என்றாள் கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண்.

"விழுந்தா உன் கடையிலதான் விழுவேன். தண்ணி தெளிக்கிற செலவும் உனக்குத்தான். குறைச்சுச் சொல்லு."

அவள் சிரித்தாள். விலையைக் குறைக்கவில்லை.

வாங்கலாமா, வேண்டாமா? எட்டு மாதமாக இதே யோசனைதான். அவருடைய டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் மூச்சு வாங்குகிறது. அதை மாற்ற ஒதுக்கிய பணம்தான் இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுத்து விளையாட்டில் போடுவதா? ஐம்பத்திரண்டு வயதில்? கேட்டவன் சிரிப்பான்.

ஆனால் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் அவரோடு பேச ஆள் கிடையாது. பகலெல்லாம் வண்டிக்காரர்களோடு பேச்சு. அதிலும் பாதி சண்டை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால்தான், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று ஒரு குரல் கேட்கும்.

பைக்குக்கு டயர் மாற்ற வந்து பழக்கமான ஒரு பஸ் டிரைவர். அவருடைய தங்கை, ஒரு நர்ஸ். இவரோடு சேர்த்து மூன்று பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டுவார்கள்.

"வாரம் பூரா பஸ் ஓட்டிட்டு, லீவு நாள்ல லாரி ஓட்டுறியேப்பா, உனக்குக் கை சும்மா இருக்காதா?" என்று டயர்க்காரர் சீண்டுவார். நர்ஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிறு வரைக்கும் வரும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்தது. பனி, மண்சரிவு, புதுப் புது ஊர்கள். டயர்க்காரரின் பழைய கார்டில் அது முதல் திரையிலேயே உறைந்து நின்றது.

"எங்க கம்ப்யூட்டரும் கிழடுதாண்ணே. பழசையே ஓட்டுவோம்" என்றார்கள் அண்ணனும் தங்கையும்.

'சரியான கஞ்சப் பிசினாறிங்க. நாம முதல்ல வாங்கிப் போட்டா ரோஷம் வந்து தானா வாங்குவாங்க' என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையே கிளம்பி வந்திருந்தார்.

"எந்த ஆட்டத்துக்குண்ணே இது?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

சொன்னார்.

"அட, அந்த லாரி ஆட்டமா! ரெண்டாம் பாகம் வந்த வாரமே ஒரு பஸ் டிரைவர் வந்து ரெண்டு கார்டு வாங்கிட்டுப் போனாரே. ஒண்ணு தங்கச்சிக்காம். அந்தம்மாவும் நர்ஸ் யூனிஃபார்மோட கூடவே வந்திருந்தாங்க. இதைவிட ஒரு படி மேலான கார்டு."

டயர்க்காரரின் கை அப்படியே நின்றது.

எட்டு மாதமாக வாராவாரம் பொய். அண்ணனும் தங்கையும் புது ஆட்டத்தை ஆசை தீர ஆடிவிட்டு, ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும், ஆஸ்பத்திரியில் கிடப்பவனைப் பார்க்க வருகிற மாதிரி இவரிடம் வந்து போயிருக்கிறார்கள்!

"சரிண்ணே, உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சு..."

"வேண்டாம். சொன்ன விலைக்கே போடு."

பேரம் பேசாமல் அவர் ஒரு பொருளை வாங்கியது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிரைவருக்குப் போன் போட்டார்.

"எத்தனை நாளா நடக்குது இந்த நாடகம்?"

"என்ன நாடகம்ணே?"

"ரெண்டு பேரும் எட்டு மாசமாப் புதுக் கார்டு வச்சிருக்கீங்க. எங்கிட்ட மட்டும் கிழடுன்னு கதை. அவ்வளவு பரிதாபமாவா இருந்தேன் உங்களுக்கு?"

"வாங்கினது நிஜம்தாண்ணே. ஆனா சொன்னா நீங்க கடனை உடனை வாங்கியாவது..."

"போதும்! எவனும் எனக்குப் பேச்சுத்துணையைப் பிச்சை போட வேணாம். இனிமே டயர் மாத்த வேற கடை பாரு!"

வைத்துவிட்டார்.

கோபத்திலேயே கார்டை மாட்டினார். இரண்டாம் பாகத்தையும் வாங்கி இறக்கினார். இவரை விட்டுவிட்டு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போயிருக்கிறார்கள் என்று பார்த்தே தீரவேண்டும்.

மணி மூன்றானது. போன் அடிக்கவில்லை. ஹெட்செட்டில் ஒரு குரலும் இல்லை.

ஆட்டம் திறந்தது. லாரிக் கண்ணாடியில் மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக வழிந்தது. "இங்க பாருப்பா" என்று வாய் தானாகத் திறந்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

திரையின் ஓரத்தில் ஏதோ மின்னியது. 'உங்களுக்கு ஓர் அழைப்பு காத்திருக்கிறது.' டிரைவர் அனுப்பியது. தேதியைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முந்தையது.

அழுத்தினார். ஒரு லாரி ஷெட் விரிந்தது. உள்ளே வரிசையாக மூன்று லாரிகள். ஒன்றில் டிரைவரின் பெயர், அடுத்ததில் நர்ஸின் பெயர், மூன்றாவதில் அவருடைய பெயர்.

'இருவர் இருந்தாலே புறப்படலாம்' என்றது திரை.

அதற்குக் கீழே, மூன்று லாரிகளும் இதுவரை ஓடிய தூரம்: பூஜ்யம் கிலோமீட்டர்.