விலைக்கு வாங்கிய வம்பு

“டேய் வம்பு, விடுடா அதை.”

காலையில் அந்த வீட்டில் கேட்கிற ஒரே பேச்சு அதுதான். அவன் எழுந்திருப்பான். பல் துலக்குவான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மீன் தொட்டியின் விளக்கைப் போடுவான். ஒரு சிட்டிகை தீனி தூவுவான். வம்பு பாய்ந்து வந்து பாதியை விழுங்கிவிட்டு ஏஞ்சல் மீனைத் துரத்தத் தொடங்கும். அவன் அதட்டுவான். அது காதில் போட்டுக்கொள்ளாது. அதற்குள் பால் பொங்கிவிடும். அடுப்பைத் துடைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவான்.

ஏஞ்சல் இரண்டும் பள்ளிக்கூட டீச்சராக இருந்த அவன் மனைவி குஞ்சிலிருந்து வளர்த்தவை. வம்பு அவள் கடைசியாக வாங்கியது. கறுப்புப் பட்டை போட்ட, சுண்டுவிரல் நீள மீன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வாங்கி வந்தாள். அந்தப் பெயரும் அவள் வைத்ததுதான்.

“வம்பா? அது என்ன பேரு?” என்று கேட்டான்.

“ஊர்ல எல்லாரும் வம்பை விலைக்கு வாங்குறாங்க. நானும் வாங்கிப் பாக்குறேனே.”

மறுநாள் மயக்க மருந்து கொடுத்தார்கள். அவள் கண் விழிக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. ஏஞ்சலின் வால் கிழிந்த குடைத்துணி மாதிரி தொங்கியது. அவன் பாலை இறக்கிவைத்தான். வலையைப் போட்டு வம்பைப் பிடித்தான். பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

வண்ணமீன் கடைக்காரன் அவனைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆகவே ஆகாது. அவள் இருந்தபோது சனிக்கிழமைதோறும் இதே கடைக்கு வருவாள். அவன் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பான். கண்ணாடிக்கு உள்ளே அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரியும், கேட்காது. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு விரலைக் காட்டுவாள். பேச்சையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு வெறும் வாயோடு வருகிறாள் என்று அவனுக்குத் தோன்றும். வீட்டில் அவள் பேசியதற்கெல்லாம் ‘ம்’ மட்டும் போட்டது தான்தான் என்பது அவன் நினைவில் நிற்காது.

“வாங்க டீச்சர் சார்.”

“டீச்சர் நான் இல்ல.”

“டீச்சரோட சார். போன வாரம் சொன்ன வைத்தியம் பலிக்கலையா?”

“எதுதான் பலிச்சிது? கல்லை இடம் மாத்தி வைங்க, தன் இடம் எதுன்னு மறந்துடும்னீங்க. அது மறக்கல. தீனியைக் கூட்டுங்கன்னீங்க. தின்னு கொழுத்துட்டுக் கடிக்குது. வலைப்பெட்டில தனியா போடுங்கன்னீங்க. வெளிய விட்டதும் வட்டியும் முதலுமா கடிச்சிது.”

கடைக்காரன் அவனையே பார்த்தான்.

“முதல் தடவை வந்தப்போ ‘மீன் கடிக்குது’ன்னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு நின்னீங்க சார். இன்னிக்கு எவ்வளவு பேசுறீங்க.”

அவன் பையை மேசைமேல் வைத்தான். “இதை நீங்களே வெச்சுக்குங்க. சும்மாவே தரேன்.”

“வேண்டாம் சார். கிழிஞ்ச வால் வளர்ந்துடும்.”

“வளர வளரக் கடிக்குமே. எடுத்துக்குங்க.”

“மாட்டேன் சார். டீச்சருக்கு வாக்கு குடுத்திருக்கேன்.”

அவனுக்குக் காது சுட்டது. வாக்கு கொடுக்கிற அளவுக்கா பழக்கம்? தன்னிடம் அவள் எந்த வாக்கும் கேட்டதில்லை.

“ஏஞ்சல் இருக்கிற தொட்டிக்கு இது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவனே கவனிக்கவில்லை. கடைக்காரன் கவனித்தான். கோபப்படவில்லை.

“தெரியும் சார்.”

“அவகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ஒத்தையா விட்டா மத்ததைக் கடிக்கும், கூட அஞ்சாறு வாங்கிப் போட்டா தங்களுக்குள்ளயே துரத்தி விளையாடிக்கிட்டுக் கெடக்கும்னு சொன்னேன். ஒண்ணே ஒண்ணு போதும்னுட்டாங்க.”

“அப்ப இன்னும் அஞ்சாறு வாங்கியிருந்தா அன்னிக்கே தீந்திருக்கும். என்னை ஏன் வாரா வாரம் அலைய விட்டே?”

கடைக்காரன் பையின் முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் காற்று விட்டு மறுபடி கட்டினான். உள்ளே வம்பு தன் நிழலையே முட்டிக்கொண்டிருந்தது.

“உன்கிட்ட அப்படி என்னதான் பேசினா?” குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. இதைக் கேட்கத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான், கேட்காமலே திரும்பினான். “மறுநாள் ஆபரேஷன். நான் வெளிய வெயில்ல கெடக்கேன். அவ உள்ள நின்னு உன்கிட்ட சிரிச்சிப் பேசுறா.”

“அன்னிக்கு மட்டும் சிரிக்கல சார்.”

கடைக்காரன் ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் தள்ளினான். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவன் உட்கார்ந்தான்.

“நீங்க ஹாரன் அடிச்சீங்க. மீனை வாங்கிட்டுக் கதவுவரைக்கும் போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து கடைசியா ஒண்ணு சொன்னாங்க.”

“என்ன சொன்னா?”

“‘நான் ஆஸ்பத்திரிலேருந்து திரும்பி வரலைன்னா எங்க வீட்டுக்காரர் வாயையே திறக்க மாட்டாருங்க. கடிக்கிற மீன் ஒண்ணு வீட்ல இருந்தா, புகார் சொல்லவாவது உங்ககிட்ட வந்து பேசுவாரு. சட்டுனு தீத்து வெச்சிடாதீங்க.’”